ஆயில் சீலை மாற்றும் முன் மூச்சுக்குழலைப் பாருங்கள்

பழைய கிராலர் டிராக்டர்களின் கியர் கூட்டுக்குள் அழுத்தம் சேர்வது ஏன்? சரி செய்வது எப்படி?

மேடு பள்ளமான நிலத்தைச் சமன் செய்யவும், தரிசாகக் கிடக்கும் பூமியைத் திருத்தவும், மண்ணைத் தள்ளிக் கரை போடவும் கிராலர் டிராக்டர் பெரிதும் உதவுகிறது. ரப்பர் டயருக்குப் பதிலாக இரும்புச் சங்கிலியில் ஓடும் இந்த வண்டியைக் கிராமங்களில் செயின் வண்டி என்றும், முன்னால் மண் தள்ளும் பிளேடு இருந்தால் புல்டோசர் என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசர்களை மணிக்கணக்கில் விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. தனியாரிடமும் பழைய வண்டிகள் உள்ளன. ஏலத்தில் எடுத்த வண்டியைப் பழுது பார்த்து, கூட்டாக வைத்து ஓட்டுபவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட பழைய வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார், ஆயில் ஒழுகல். சீல் மாற்றுகிறார்கள். பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் ஒழுகுகிறது. "போன மாசம்தானே சீல் போட்டீங்க மேஸ்திரி?" என்று வண்டிக்காரர் கேட்டால், "சீல் சரக்கு சரியில்லைங்க, வேற கம்பெனி சீல் வாங்கிட்டு வாங்க" என்று பதில் வரும். இரண்டாம் முறையும் சங்கிலியைக் கழற்ற வேண்டும், பல்சக்கரத்தை இழுக்க வேண்டும், புது சீல் வாங்க வேண்டும். கூலியும் போய், வேலை நாளும் போய்விடும். அதன் பிறகும் ஒழுகல் நிற்காது.

பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி சீல் அல்ல. கியர் கூட்டின் தலையில் இருக்கும் சிறிய மூச்சுக்குழல் அடைத்துக் கொண்டிருக்கும். அதைக் கழுவ அரை லிட்டர் மண்ணெண்ணெயும் அரை மணி நேரமும் போதும்.

கூடும் மூச்சு விட வேண்டும்

கியர் பாக்ஸ், கிரவுன் பினியன், பைனல் டிரைவ் ஆகியவை தனித்தனி இரும்புக் கூடுகளுக்குள் ஆயிலில் ஓடுகின்றன. கூட்டுக்குள் பாதிக்கு மேல் ஆயிலும், மீதி இடத்தில் காற்றும் இருக்கும். வண்டி வேலை செய்யும்போது கியர்கள் உராய்ந்து ஆயில் சூடாகிறது. சூடானால் காற்று விரியும், ஆயிலும் பெருக்கும். விரிந்த காற்று வெளியே போக ஒரு வழி வேண்டும். அதற்காகவே கூட்டின் மேல் பகுதியில் பிரீதர் எனப்படும் மூச்சுக்குழலை வைத்திருக்கிறார்கள். வண்டி ஆறும்போது காற்று சுருங்கும். அப்போது வெளிக்காற்று அதே வழியாக உள்ளே வரும். மாடு மூச்சு விடுவதைப் போலக் கூடும் நாள்தோறும் மூச்சு விட்டு வாங்குகிறது.

இந்த வழி அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்க்கலாம். மொத்தம் 60 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு கூட்டில் 40 லிட்டர் ஆயிலும் 20 லிட்டர் காற்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். காலையில் 30 டிகிரி சென்டிகிரேடில் இருந்த கூடு மதியத்தில் 80 டிகிரிக்கு ஏறுகிறது. இந்தச் சூட்டினால் மட்டும் காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு கூடும். அத்துடன் ஆயில் ஏறத்தாழ 1½ லிட்டர் பெருத்து, காற்று இருந்த இடத்தையும் நெருக்கும். இரண்டும் சேர்ந்து கூட்டின் உள் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்துக்கு 3½ பவுண்டுக்கு மேல் போய்விடும்.

3½ பவுண்டு ஒரு பெரிய அழுத்தமா என்று கேட்கலாம். டிராக்டர் டயருக்கு அது சிறிதுதான். ஆனால் ஓர் அடிக்கு ஓர் அடி உள்ள மேல் மூடியின் மீது அது ஏறத்தாழ 225 கிலோ எடையால் உள்ளிருந்து தள்ளுகிறது. சாதாரண ரப்பர் உதட்டு சீல் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அளவைத்தான் தாங்கும். அதுவும் புதிதாக இருக்கும்போது. வருடக்கணக்கில் உழைத்து, உதடு தேய்ந்து, ரப்பர் விறைத்துப்போன சீல் அதில் பாதியைக்கூடத் தாங்காது. சுழலும் ஷாப்டின் மீது அழுத்தம் சீலின் உதட்டை இறுக்கிப் பிடிப்பதால் உதடு சூடேறிக் கருகும். புது சீலும் சீக்கிரம் கெடுவதற்கு இதுவே காரணம்.

எங்கே ஒழுகும்? என்ன கெடும்?

கிராலர் டிராக்டரில் எஞ்சினின் சக்தி மெயின் கிளட்ச் வழியாகக் கியர் பாக்சுக்கும், அங்கிருந்து கிரவுன் பினியனுக்கும் வருகிறது. கிரவுனின் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு ஸ்டீயரிங் கிளட்சுகள் இருக்கின்றன. வண்டியைத் திருப்புவது இவைதான். இடது கிளட்சை விடுவித்து இடது பிரேக்கைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஸ்டீயரிங் கிளட்சைத் தாண்டிய சக்தி பைனல் டிரைவ் வழியாகப் பல்சக்கரத்துக்குப் போய்ச் சங்கிலியை இழுக்கிறது.

பழைய மாடல்கள் பலவற்றில் ஸ்டீயரிங் கிளட்ச் அறை உலர்ந்த அறை. அதில் ஆயில் இருக்கவே கூடாது. ஆனால் அதற்கு அடுத்த சுவருக்கு அந்தப்பக்கம் கிரவுன் பினியன் ஆயிலில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சீல் மட்டுமே காவல். கிரவுன் கூட்டில் அழுத்தம் சேர்ந்தால் ஆயில் இந்த சீலைத் தாண்டி உலர்ந்த அறைக்குள் போகும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. கிளட்ச் தட்டுகளில் ஆயில் பட்டு அவை வழுக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பளுவில் ஒரு சங்கிலி நிற்கும். பல மாடல்களில் பிரேக் பட்டையும் அதே அறையில்தான் இருக்கிறது. அதிலும் ஆயில் பட்டால் பிரேக் பிடிக்காது. சரிவான நிலத்திலும் கிணற்றோரத்திலும் வேலை செய்யும் வண்டிக்கு இது உயிர் ஆபத்து. ஆகவே ஆயில் வீணாகிறது என்பதோடு இந்தப் பிரச்னை நிற்பதில்லை.

ஸ்டீயரிங் கிளட்ச் அறையின் அடியில் டிரெயின் பிளக் இருக்கும். உலர்ந்த கிளட்ச் உள்ள வண்டியில் அதைத் திறந்தால் ஆயில் வரக்கூடாது. வந்தால், எந்தப் பக்கத்தில் எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த மாடல்கள் சிலவற்றில் கிளட்சுகள் ஆயிலிலேயே ஓடும்படி செய்யப்பட்டிருக்கின்றன. தன் வண்டி எந்த வகை என்பதைக் கையேட்டைப் பார்த்தோ, அந்த மாடலைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கிடம் கேட்டோ முதலில் தெரிந்துகொள்வது அவசியம்.

அழுத்தம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது

ஒரே ஒரு சீலில் மட்டும் ஒழுகினால் அந்த சீல் தேய்ந்திருக்கலாம். இரண்டு மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் ஒழுகினாலும், காலையில் ஒழுகாமல் மதியத்தில் மட்டும் ஒழுகினாலும், ஆயில் அளவு பார்க்கும் குச்சி தானாக மேலெழும்பினாலும், மேல் மூடி பேக்கிங் வழியாக ஆயில் கசிந்தாலும் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு. வண்டியை இரண்டு மணி நேரம் வேலை செய்யவிட்டு நன்றாகச் சூடாக்க வேண்டும். பிறகு சமதளத்தில் நிறுத்தி, பிளேடைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, சங்கிலிக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கால் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். "உஸ்" என்று காற்று வெளியேறினால் அழுத்தம் இருப்பது உறுதி. சத்தம் முழுவதும் அடங்கிய பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் சூடான ஆயில் முகத்தில் அடிக்கும்.

மறுநாள் விடியற்காலையில், வண்டி ஆறிக் கிடக்கும்போது அதே மூடியைத் திறந்தால் சில வண்டிகளில் காற்று உள்ளே இழுக்கும். இதுவும் மூச்சுக்குழல் அடைத்திருப்பதற்கு நல்ல சாட்சி. சூட்டில் வெளியே தள்ளும் கூடு, குளிர்ச்சியில் உள்ளே உறிஞ்சுகிறது என்று அதற்குப் பொருள். உறிஞ்சும்போது சீல் ஓரத்தில் இருக்கும் சேறும் தண்ணீரும் உள்ளே போகும்.

முதல் வேலை: மூச்சுக்குழலைக் கழுவுதல்

மூச்சுக்குழல் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். சில வண்டிகளில் கியர் பாக்சுக்கும் கிரவுன் கூட்டுக்கும் சேர்த்து ஒன்றே இருக்கும். சிலவற்றில் தனித்தனியாக இருக்கும். சீட்டுக்கு அடியிலும் மூடிகளுக்கு இடையிலும் மண் மூடிக் கிடப்பதால், அப்படி ஒன்று இருப்பதையே பல டிரைவர்கள் அறியமாட்டார்கள். பழைய வண்டியை வாங்கியவர்கள் கையேட்டைத் தேடிப் பிடித்து, எத்தனை மூச்சுக்குழல்கள், எங்கெங்கே என்று எண்ணிக் கொள்வது நல்லது.

கழற்றும் முன் சுற்றிலும் உள்ள மண்ணைச் சுரண்டித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மண் கியருக்குள் விழும். கழற்றிய மூச்சுக்குழலை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உள்ளே உள்ள கம்பி வலையைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். வாயால் ஊதினால் இரு பக்கமும் காற்று தடையில்லாமல் போக வேண்டும். உள்ளே குண்டோ ரப்பர் வால்வோ உள்ள வகையில், குலுக்கினால் அது அசைய வேண்டும். உலர்த்திய பிறகு கம்பி வலையில் இரண்டு சொட்டு ஆயில் விட்டுப் பொருத்தினால் தூசியை அது பிடித்துக்கொள்ளும்.

மூச்சுக்குழல் அடைபடுவதற்குப் புழுதியும் ஆயிலும் சேர்ந்த கட்டி மட்டும் காரணம் அல்ல. வண்டிக்குப் பெயிண்ட் அடித்தபோது துளையின் மீதும் அடித்திருப்பார்கள். சும்மா கிடந்த வண்டியில் குளவி கூடு கட்டியிருக்கும். உடைந்த மூச்சுக்குழலைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு போல்ட்டை முறுக்கி வைத்திருப்பதும் உண்டு. பழைய வண்டிகளில் இது மிகவும் சகஜம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூச்சுக்குழல் சுத்தமாக இருந்தும், அதற்குக் கீழே உள்ள துளை அடைத்திருக்கலாம். மேல் மூடிக்குப் பேக்கிங் தாளைக் கையால் வெட்டும்போது போல்ட் துளைகளை மட்டும் வெட்டி, காற்றுத் துளையை வெட்ட மறந்துவிடுவார்கள். பேக்கிங் பசையை அளவுக்கு மேல் தடவினாலும் அது பிதுங்கித் துளையை மூடும். பழுது பார்த்த பிறகு புதிதாக ஒழுகல் தொடங்கிய வண்டியில் இதை முதலில் பார்க்க வேண்டும். மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். கம்பி உள்ளே விழாதபடி நுனியை வளைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கழுவிப் பொருத்திய பின் வண்டியை அரை நாள் ஓட்டி, முன்பு சொன்ன சோதனையை மறுபடி செய்ய வேண்டும். "உஸ்" சத்தம் இல்லையென்றால் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. உதடு கிழியாத சீல்கள் பலவற்றில் கசிவு தானாகவே குறைந்துவிடும். ஒரு வாரம் பார்த்த பிறகே எந்த சீலை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது: ஆயில் அளவு

"கூடக் கொஞ்சம் இருந்தால் நல்லதுதானே" என்று ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவது பெரிய தவறு. மேலே சொன்ன 60 லிட்டர் கூட்டில் 40 லிட்டருக்குப் பதில் 50 லிட்டர் ஊற்றினால், காற்றுக்கு 10 லிட்டர் இடமே மிஞ்சும். அதே 80 டிகிரி சூட்டில், அடைத்த கூட்டின் அழுத்தம் 3½ பவுண்டு அளவிலிருந்து 6 பவுண்டு அளவுக்குத் தாவும். மேலும் கியர்கள் ஆயிலில் மூழ்கி அதைக் கடைவதால் சூடும் நுரையும் அதிகமாகும். மூச்சுக்குழல் திறந்திருந்தாலும் நுரை அதன் வழியே பொங்கி வழியும்.

அளவைச் சமதளத்தில், வண்டி ஆறிய பிறகு, கையேடு சொல்லும் முறையில் பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றாமலே அளவு ஏறுகிறதா என்பதும் முக்கியம். ஒரு கூட்டில் குறைந்து இன்னொன்றில் ஏறினால், நடுவில் உள்ள சீல் போய்விட்டது என்று பொருள். ஹைட்ராலிக் டாங்கியில் குறைந்து கியர் கூட்டில் ஏறினால், கூட்டோடு இணைந்த ஹைட்ராலிக் பம்பின் ஷாப்ட் சீலைப் பார்க்க வேண்டும். பம்ப் தள்ளும் ஆயில் கூட்டை நிரப்பிக்கொண்டே போவதால் அழுத்தமும் ஏறும். இதற்காக ஒரு சிறு நோட்டு வைத்து, தேதி, ஓடிய மணி, எந்தக் கூட்டில் எவ்வளவு ஆயில் ஊற்றியது என்று எழுதி வந்தால், ஒரு மாதத்தில் நோட்டே நோயைச் சொல்லிவிடும்.

மூன்றாவது: தண்ணீர்

ஆயில் பால் போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. பேரிங்கையும் கியரையும் துருப்பிடிக்க வைப்பது ஒன்று. சூட்டில் ஆவியாகி அழுத்தம் உண்டாக்குவது மற்றொன்று. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில்தான் என்றாலும், அதற்கு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். காற்றுப் போக வழியில்லாத கூட்டில் 80 டிகிரியில் இந்த ஆவி மட்டுமே சதுர அங்குலத்துக்கு 6, 7 பவுண்டு வரை அழுத்தத்தைக் கூட்ட முடியும். காற்றின் அழுத்தம் இதோடு சேர்ந்தால் எந்த உதட்டு சீலும் நிற்காது.

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அடியிலிருந்து எடுத்த ஆயிலில் சில சொட்டுகளைச் சூடான தோசைக்கல் போன்ற இரும்புத் தகட்டில் விட வேண்டும். பொரிகிற சத்தம் கேட்டால் தண்ணீர் உண்டு. சத்தமில்லாமல் புகைந்தால் தண்ணீர் இல்லை. கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி இரவு முழுவதும் அசையாமல் வைத்தாலும் தண்ணீர் அடியில் தங்கும். வாரம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்கும் முன், டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தி முதலில் வருவது தண்ணீரா ஆயிலா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

வேலை முடிந்த சூட்டோடு வண்டியை வாய்க்காலில் இறக்கிக் கழுவுவது தண்ணீர் புகுவதற்கு முக்கியக் காரணம். சூடான கூட்டின் மீது குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளே உள்ள காற்று திடீரென்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே வண்டி ஆறிய பின்பே கழுவ வேண்டும். கழுவும்போது மூச்சுக்குழலின் மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, கழுவியதும் மறக்காமல் அவிழ்த்துவிட வேண்டும்.

நான்காவது: சூடும் நுரையும்

மூச்சுக்குழல் சுத்தம், அளவு சரி, தண்ணீரும் இல்லை. ஆனாலும் கூடு மிகவும் சூடாகிறது என்றால் சூட்டின் காரணத்தைத் தேட வேண்டும். இரண்டு பைனல் டிரைவ் கூடுகளின் மீதும் சில சொட்டுத் தண்ணீர் தெளித்தால், ஒன்றில் நீர் சட்டென்று உலர்ந்து மற்றதில் நின்றால், உலர்ந்த பக்கத்தில் பேரிங் இறுகியிருக்கலாம் அல்லது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். டிரெயின் பிளக்கில் இரும்புத் துகள்கள் ஒட்டியிருந்தால் பேரிங் அல்லது கியர் தேய்கிறது. அந்த வண்டியை மேலும் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கிடைத்த ஆயிலையெல்லாம் கலந்து ஊற்றுவதும் நுரைக்குக் காரணமாகும். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் மூன்றும் ஒன்றல்ல. எந்த ஆயில் என்று தெரியாத பழைய வண்டியில் முழுவதையும் சூடாக இருக்கும்போதே வடித்துவிட்டு, கையேடு சொல்லும் ஆயிலைப் புதிதாக ஊற்றுவதே சரி. வடித்த ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டக்கூடாது.

பாட்டில் சோதனை

எல்லாம் சரியாக இருந்தும் மூச்சுக்குழல் வழியாகக் காற்று நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு எடுத்து, மூச்சுக்குழலைக் கழற்றிய துளையில் காற்றுப் புகாதபடி பொருத்த வேண்டும். மறுமுனையைத் தண்ணீர் உள்ள பாட்டிலில் ஓர் அங்குலம் அமிழ்த்த வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து, கியர் போடாமல், எஞ்சினை மட்டும் ஓடவிட வேண்டும்.

சூடேறும் வரை குமிழிகள் வந்து, பிறகு படிப்படியாகக் குறைந்தால் அது இயல்பான மூச்சு. கூடு ஒரே சூட்டில் நிலைத்த பிறகும் குமிழிகள் ஓயாமல் வந்தால், காற்றோ ஆவியோ ஆயிலோ வேறெங்கிருந்தோ கூட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் ஆவியாகிறதா, ஹைட்ராலிக் ஆயில் புகுகிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். எஞ்சினோடு ஒட்டி, ஆயிலில் ஓடும் கிளட்ச் உள்ள மாடல்களில், தேய்ந்த பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் எஞ்சின் புகையும் பின்பக்க சீல் வழியாக அந்தக் கூட்டுக்குள் போக வாய்ப்புண்டு. எஞ்சினின் மூச்சுக்குழலில் புகை குபுகுபு என்று வந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

எஞ்சினை அணைக்கும் முன் குழாயைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால், ஆறும் கூடு பாட்டில் தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிடும்.

சீல் மாற்றுவதானால்

அழுத்தத்தின் காரணத்தைத் தீர்த்த பிறகும் ஒழுகும் சீலை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது ஷாப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. பைனல் டிரைவில் பழைய மாடல்கள் சிலவற்றில் துருத்தி போன்ற பெல்லோஸ் சீலும், பின்னால் வந்தவற்றில் இரண்டு இரும்பு வளையங்கள் ஒன்றோடொன்று உராயும் வகையும் உண்டு. இரும்பு வளையங்கள் ஜோடியாகத் தேய்ந்தவை. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது.

ஸ்டீயரிங் கிளட்ச் அறையில் புகுந்த ஆயிலை வடித்து, தட்டுகளைக் கழுவுவதும் உண்டு. இது தெரிந்த மெக்கானிக் மட்டும் செய்ய வேண்டிய வேலை. கழுவும் திரவம் தீப்பிடிக்கும். ஆயில் வரும் வழியை அடைக்காமல் கழுவினால் சில நாளில் மறுபடி வழுக்கும்.

சக்கர டிராக்டருக்கும் இது பொருந்தும்

கிராலர் வண்டி வைத்திருப்பவர்கள் சிலரே. ஆனால் சாதாரண சக்கர டிராக்டர் ஊருக்கு ஊர் இருக்கிறது. அதன் கியர் கூட்டுக்கும் பின் அச்சுக் கூட்டுக்கும் இதே விதிதான். முக்கியமாக, கேஜ் வீல் போட்டு நெல் வயலில் சேறடிக்கும் டிராக்டரில் சேறு அச்சு வரைக்கும் ஏறுகிறது. மூச்சுக்குழல் அடைத்த டிராக்டர் வயலில் சூடாகி ஆயிலைத் தள்ளுகிறது. சாப்பாட்டு வேளையில் சேற்றிலேயே நிறுத்தினால் ஆறிச் சேற்று நீரை உறிஞ்சுகிறது. பின் பிரேக் பிடிக்காமல் போவதும், ஆயில் வெளுப்பதும் பல சமயம் இப்படித்தான் தொடங்குகின்றன. சேறடிக்கும் பருவத்துக்கு முன் மூச்சுக்குழலைக் கழுவி, நிறுத்தும்போது டிராக்டரை மேட்டில் ஏற்றி நிறுத்தினால் பாதித் தொல்லை தீரும். மூச்சுக்குழல் அடிக்கடி சேற்றில் அடைபட்டால், ஒரு ரப்பர் குழாயை இணைத்து உயரமான இடத்துக்குக் கொண்டுபோய், முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிவிடலாம்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு

மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் சிறு விவசாயிக்கும் இதில் நஷ்டம் உண்டு. ஒரு பக்கக் கிளட்ச் வழுக்கும் வண்டி, மூன்று மணி நேர வேலையை ஐந்து மணி நேரம் இழுக்கும். மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வேலை தொடங்கும் முன் வண்டியை இரு பக்கமும் ஒருமுறை திருப்பச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு பக்கம் சுலபமாகவும் மறுபக்கம் தயங்கியும் திரும்பினாலோ, பல்சக்கரத்தின் உட்புறம் ஆயில் வழிந்திருந்தாலோ, டிரைவர் அடிக்கடி ஆயில் கேனைத் தூக்கினாலோ, முதலில் பழுது பார்த்து வரும்படி சொல்வது இரு தரப்புக்கும் நல்லது. பிரேக் சரியில்லாத வண்டியைக் கிணற்று மேட்டுக்கும் சரிவுக்கும் அனுப்பவே கூடாது.

நினைவில் வைக்க வேண்டியவை

பல இடத்தில் ஒரே சமயத்தில் ஒழுகினால் அழுத்தம் என்று சந்தேகிக்க வேண்டும். சூடான கூட்டின் மூடியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திறக்கக்கூடாது.

மூச்சுக்குழல், ஆயில் அளவு, தண்ணீர், சூடு, பிறகு சீல் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். செலவில்லாத வேலை முதலில், செலவுள்ள வேலை கடைசியில்.

மூச்சுக்குழலின் இடத்தில் ஒருபோதும் போல்ட்டை முறுக்கக்கூடாது. துணியை அடைத்தும் வைக்கக்கூடாது. எஞ்சின் ஆயில் மாற்றும் நாளிலேயே எல்லா மூச்சுக்குழல்களையும் கழற்றிக் கழுவுவதை வழக்கமாக வைத்துக்கொண்டால், தனியாக ஞாபகம் வைக்க வேண்டிய அவசியம் இராது.